பெண்கள் சனிக்கிழமை

786
கொழும்பு வீதி, கண்டி
9-2-1933

அன்பு வடிவு,

உன் கடிதம் வந்து கிடக்க, பதில் எழுதச் சுணங்கிவிட்டேன். கோபிக்காதே. சின்னவனுக்குச் சளி, மாமிக்கு முழங்கால் வலி. இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கடைக்கு மேல்மாடியில் வாசிகசாலை இருக்கிறதல்லவா, முஸ்லிம் வியாபாரிகளும் தமிழ் கிளாக்கர்மாரும் சேர்ந்து நடத்துவது? இந்த வருஷம் இவங்கதான், என் வீட்டுக்காரர்தான் தலைவர். ஞாயிறு தோறும் யாரையாவது அழைத்துப் பேசவைப்பார்கள். நான் கீழே நின்று தேத்தண்ணி ஊற்றி அனுப்புவேன். மேலே கைதட்டுவது கேட்கும். எதற்குத் தட்டுகிறார்கள் என்று தெரியாது. ஒரு நாள் இவங்களிடம் கேட்டேவிட்டேன்: "மாசத்தில ஒரு சனிக்கிழமையாச்சும் எங்களுக்குத் தந்தா என்ன?" முதலில் சிரிச்சாங்க. பிறகு கமிட்டியில் வாதாடி வாங்கித் தந்துவிட்டாங்க. ஜன்னலுக்கெல்லாம் திரை, அந்த நேரம் ஆண்பிள்ளை ஒருத்தரும் படியேறுவதில்லை என்று ஏற்பாடு.

போன சனிக்கிழமை முதல் கூட்டம். ஆஸ்பத்திரி மருத்துவிச்சி ஒருவர் வந்து பேறுகாலத்தைப் பற்றிப் பேசினார். கதிரை போதாமல் பாய் விரித்தோம். கட்டுக்கலை ரபீகா ராத்தா எழும்பி, "இதையெல்லாம் நான் பதினொரு புள்ள பெத்த பொறகா வந்து சொல்றீங்க?" என்று சண்டைக்கே போய்விட்டா. எல்லோரும் சிரித்த சிரிப்பு கடைவரை கேட்டதாம்.

அடுத்த கூட்டத்துக்கு எனக்கு உன் மூக்காயி வேண்டும். கொழுந்து எடுத்துக்கொண்டே அவள் பாடினால் பக்கத்து நிரைக்காரிகளுக்குக் கை ஓடாது என்று எழுதியிருந்தாயே, அவள்தான். பாடினால் மட்டும் போதாது. யாரிடம் படித்தாள், பாட்டு எப்படி வருகிறது என்று நாங்கள் கேட்கவேண்டும், அவள் சொல்லவேண்டும்.

வடிவு, நீயும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். ஐந்தாம் வகுப்போடு என்னை வீட்டில் நிறுத்தினார்கள். நீ படித்து டீச்சரம்மா ஆனாய். எனக்கு இந்த மேல்மாடிதான் ஆறாம் வகுப்பு. மறுக்காதே.

உன்
ஸக்கியா


வாழைமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம்
பன்வில
15-2-1933

அன்புள்ள ஸக்கியாவுக்கு,

உன் ஆறாம் வகுப்புக்கு என் வாழ்த்து.

மூக்காயியைத் தண்ணீர்ப் பீலியடியில் பிடித்துக் கேட்டேன். "கண்டியிலயா? பொம்பளைங்க மட்டுமா? கதிரையில ஒக்காந்தா கேப்பாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். வெகுநேரம் குடத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "கையி சும்மா இருந்தா எனக்குப் பாட்டு வராதேம்மா" என்றாள். அதுதான் சம்மதம்.

ஆனால் சிலதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சென்ற மழையில் அவளுடைய மூத்த மகன் காய்ச்சலில் இறந்துபோனான். இளையவள் என்னிடம் முதலாம் வகுப்புப் படிக்கிறாள். மகன் போன பிறகு பல மாதம் மூக்காயி மலையில் வாயே திறக்கவில்லை. இப்போதுதான் மெல்ல மெல்லப் பாடுகிறாள். அவளைப் பார்த்து நடத்துங்கள்.

இன்னொன்று. தேயிலை விலை விழுந்ததிலிருந்து இங்கே சம்பளம் குறைந்துவிட்டது. மாதா மாதம் வேலையிலிருந்து பெயர் வெட்டுகிறார்கள். யாரைப் பார்த்தாலும் பயம். அழகமுத்து என்று ஒரு பெரிய கங்காணி இருக்கிறார். அவர் சொல்லைத் தோட்டத்துத் துரை தட்டமாட்டார். ஆகையால் கண்டிப் பிள்ளையார் கோவிலுக்குப் போவதாகச் சொல்லி லீவு கேட்கும்படி மூக்காயியின் புருஷன் இராமையாவிடம் சொல்லியிருக்கிறேன். கோவிலுக்கும் போகட்டும், பொய்யாக வேண்டாம்.

நான் வர இயலாது. பள்ளிக்கூடம் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல். வத்தேகம பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிடுகிறேன். நடந்ததையெல்லாம் நீ எனக்கு எழுது.

வடிவம்மா


786
கண்டி
6-3-1933

என் வடிவு,

நீ வராமல் போனாயே, நீ வராமல் போனாயே!

மூக்காயி சிவப்புக்கரைச் சீலை கட்டிக்கொண்டு மகளைக் கையில் பிடித்தபடி வந்தாள். இராமையா கடைக்குள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். மேலே வந்தவள் கதிரையில் இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். நீ எழுதியிருந்தது எனக்கு நினைவிருந்தது. கீழே ஓடிப்போய்ச் சுளகில் அரிசி கொண்டுவந்து கொடுத்தேன். பாயில் அமர்ந்து கல் பொறுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பாட்டு வந்தது.

தாலாட்டு, நடுகைப் பாட்டு, காமன் கூத்தில் ரதி புலம்புவது, துரையின் நாயைக் கேலி செய்யும் ஒரு பாட்டு. ரபீகா ராத்தா சிரித்துச் சிரித்து முக்காட்டால் கண்ணைத் துடைத்தா. பிறகு எல்லோரும் கேள்வி கேட்டார்கள். "எப்பிடி இவ்வளவும் மனசில நிக்கிது?" என்று ஒருத்தி. "நிக்கிறதில்லம்மா. பாடுறப்ப வருது, முடிஞ்சா போயிருது" என்றாள். "சொந்தமாக் கட்டுவீங்களா?" என்று இன்னொருத்தி. "சொந்தம் எது, ஊருது எதுன்னு யாரு பிரிச்சா?" என்றாள். இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்தது.

வக்கீல் வீட்டு நல்லம்மா நல்ல மனசோடுதான் கேட்டா: "உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?"

மூக்காயியின் கை சுளகில் நின்றுபோயிற்று. நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அதற்குள் அவள் பாடத் தொடங்கிவிட்டாள். எங்களைப் பார்த்துப் பாடவில்லை. சுளகுக்குள் பார்த்துப் பாடினாள்.

கொழுந்து நெறை கொறஞ்சா கேக்குறாக – என் கண்ணே
கொழந்த நெறை கொறஞ்சா கேக்கலையே
காளமாடு ரெண்டிருக்கு – அழகமுத்துக்
கங்காணி வாசலிலே
கட்டிவிட மனசில்ல – என் கண்ணே
கண்டிக்குக் கொண்டு போக

இன்னும் பாடினாள். எனக்கு இவ்வளவுதான் நினைவில் நிற்கிறது. முடிந்ததும் ஒருத்தரும் கைதட்டவில்லை. நல்லம்மா எழும்பி வந்து அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அவள் கையோடு சேர்ந்து கல் பொறுக்கினா. அந்த மேல்மாடியில் இதுவரை ஆண்கள் எத்தனையோ பேசியிருப்பார்கள். இப்படி ஒன்று நடந்திருக்காது.

போகும்போது மூக்காயி என்ன சொன்னாள் தெரியுமா? "நெஞ்சு லேசாயிருச்சும்மா. மலையில பாடுனா காத்துக்குப் போகுது. இங்க ஆளுக்குப் போகுது."

இப்போது என் சந்தோஷத்தைச் சொல்கிறேன். வாசிகசாலை மாதம் ஒரு தாள் அச்சடித்து அங்கத்தினருக்கு அனுப்புவது உனக்குத் தெரியும். கூட்டத்தைப் பற்றி அதில் எழுதும்படி இவங்க என்னிடமே சொல்லிவிட்டாங்க. இரண்டு பக்கம் எழுதினேன். பாட்டையும் சேர்த்தேன். என் பெயர் போடவில்லை, "ஒரு முஸ்லிம் பெண்" என்று இருக்கும். நான் எழுதியது அச்சில் வருவது இதுதான் முதல் தடவை, வடிவு. வந்ததும் உனக்கு ஒன்று அனுப்புவேன்.

ஸக்கியா


வாழைமலை
9-3-1933

ஸக்கியா,

அந்தப் பாட்டை அச்சில் போடாதே. பாட்டே வேண்டாம். கங்காணியின் பெயர் அதில் இருக்கிறது. உனக்கு அது பாட்டு. இங்கே அது அவர்மேல் குற்றச்சாட்டு.

பையனைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு இராமையா அவர் வாசலில் நின்றது நிஜம். தராததும் நிஜம். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயால் சொன்னதில்லை. மூக்காயி அந்தப் பாட்டை எங்கள் முன்னால்கூடப் பாடியதில்லை.

ஆபீஸ் வழியாகப் போகும் தோட்டத்துத் தபால் பையில் இதைப் போட மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை பன்வில கடைத்தெருவுக்குப் போகும்போது நானே தபாலில் சேர்ப்பேன். அதற்குள் அச்சடித்துவிடாதே.

வடிவம்மா


786
கண்டி
16-3-1933

வடிவு,

உன் கடிதம் வருவதற்கு முன்னமே தாள் வந்துவிட்டது. அனுப்பியும் ஆகிவிட்டது.

இவங்களிடம் காட்டினேன். முகம் மாறிவிட்டது. கடைப் பெடியன்களை அனுப்பி, டவுனுக்குள் போனதில் முடிந்ததைத் திருப்பி வாங்கினாங்க. சிலர் தந்தார்கள், சிலர் ஏன் எதற்கென்று கேட்டார்கள். தபாலில் போனதை என்ன செய்ய? "பன்வில பக்கம் அங்கத்தினர் ஒருத்தரும் இல்ல, பயப்படாதே" என்கிறாங்க. தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. மூக்காயியின் பெயரையும் எழுதவில்லை, "ஒரு தோட்டத்துத் தாய்" என்றுதான் போட்டேன். ஆனால் அழகமுத்து என்ற பெயர் பாட்டுக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்தால் ஓசை கெட்டுவிடும் என்று நினைத்தேன். ஓசையை நினைத்தேன், வடிவு. வேறொன்றையும் நினைக்கவில்லை.

ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். ஒன்றும் நடக்காது என்று நீயும் சொல்லு.

ஸக்கியா


வாழைமலை
24-4-1933

ஸக்கியா,

சொல்லலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். இனிச் சொல்ல இயலாது.

கண்டியில் ஒரு வக்கீல் ஆபீசில் கிளாக்கராக இருப்பவர் உங்கள் வாசிகசாலை அங்கத்தினர். அவர் அழகமுத்துக் கங்காணியின் மருமகன். வருஷப்பிறப்புக்கு மாமனார் வீட்டுக்கு வந்தவர் தாளையும் கொண்டுவந்திருக்கிறார்.

மறுவாரம், ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திவைத்து மூக்காயியை முன்னால் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் இருந்து பார்த்தால் பெரட்டுக் களம் நன்றாகத் தெரியும். துரைக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆபீஸ் கிளாக்கர் ஐயா வாசித்துக் காட்டினார்.

"இந்தப் பாட்டு நீ பாடினதா?" என்றார் துரை.

"ஆமாங்க தொர."

"பொய்ப் பாட்டா, நெசப் பாட்டா?"

"புள்ள செத்தது நெசந்தாங்க."

கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவமானப்பட்ட மனுஷரைப்போல் நின்றார். துரை அதைத்தான் பார்த்தார்.

பெயர் வெட்டவில்லை. வெட்டினால் லேபர் ஆபீசில் கேள்வி வருமாம். இப்போது வேலையில்லாத தோட்டத்து ஆட்களைச் சர்க்கார் தன் செலவில் இந்தியாவுக்கு அனுப்புகிறதல்லவா? அதில் சேர்த்துவிட்டார்கள். "நாங்களாகவே விரும்பிப் போகிறோம்" என்று எழுதியதன் கீழே இராமையாவும் மூக்காயியும் பெருவிரல் வைத்துவிட்டார்கள். வைக்காவிட்டால் வேலையும் இல்லை, குடியிருக்கும் லயத்து அறையும் இல்லை என்று சொன்னார்களாம்.

இருவரும் இந்த மலையில் பிறந்தவர்கள். இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டதற்கு இராமையா தன் தகப்பன் சொன்ன ஒரு பெயரைச் சொன்னான். அது ஊரா, ஆறா என்று அவனுக்குத் தெரியவில்லை.

நான் துரையின் பங்களாவுக்குப் போனேன். வராந்தாவில் நின்று பேசினேன். "டீச்சரம்மா, பள்ளிக்கூடம் நல்லா நடக்குதா?" என்று கேட்டார். நடக்கிறது என்றேன். "அதைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரர் ஹுஸைன் முதலாளிதான் எங்கள் தோட்டத்துக்கு அரிசி கொடுப்பவர். துரை அவருக்கு முகம் கொடுப்பார். இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

வடிவம்மா


786
கண்டி
3-5-1933

வடிவு,

கேட்டேன். அழுது கேட்டேன். இவங்க மறுக்கவில்லை. கறுத்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை வாழைமலைக்கு வந்தாங்க. நீ பார்த்திருப்பாய், பார்க்காமலும் இருந்திருப்பாய்.

திரும்பி வந்து சாப்பிடவில்லை. கேட்கப் பயந்து நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு தானாகவே சொன்னாங்க. "துரை இருக்கச் சொல்லல்ல. நின்டுட்டுத்தான் கதைச்சேன். அரிசியப் பத்திக் கதைக்க வந்தீரா, ஆளப் பத்திக் கதைக்க வந்தீரா எண்டு கேட்டார்." "நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். "அரிசி எண்டு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாங்க.

நான் சண்டை பிடிக்கவில்லை, வடிவு. பிடிக்க வாய் வந்தது. இவங்க முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. கடையில் வேலை செய்பவர்கள், அவர்களுடைய குடும்பங்கள் எல்லாம் அந்தத் தோட்டங்களின் அரிசியில்தான் இருக்கிறார்கள்.

துரை இன்னொன்றும் கேட்டாராம்: "உங்கட கடைக்கு மேலேதானே அந்தக் கூட்டம்?" ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. பெண்கள் கூட்டத்தைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வைப்பது என்று முடிவாம். கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஜன்னல் திரைகளை நேற்றுக் கழற்றிக் கொண்டுவந்து என்னிடம் தந்தார்கள், துவைத்து வைக்கும்படி.

என்ன செய்யட்டும், சொல்லு. ஆரிடம் போகட்டும்?

ஸக்கியா


வாழைமலை
8-5-1933

ஸக்கியா,

யாரிடமும் போக வேண்டாம். நீ நகர்ந்தால் இங்கே ஒருத்திக்கு வலிக்கிறது.

கடுமையாகத்தான் எழுதுகிறேன். நீ பாட்டைக் கேட்டாய், அழுதாய், அச்சடித்தாய். உனக்கு அது முதல் எழுத்து. அவளுக்கு அது இருந்த இடம். ஆறாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு என்றாயே, அதற்கு யார் பள்ளிச் சம்பளம் கட்டுகிறார்கள் பார்.

இராமையா ஆட்டுக்குட்டியை விற்றுவிட்டான். பிள்ளையின் சிலேட்டை என்னிடம் திருப்பித் தந்தார்கள். "இந்தியாவுல சிலேட்டு இருக்குமா டீச்சர்?" என்று அந்தப் பெண் கேட்டாள். இருக்கும் என்றேன். நீயே வைத்துக்கொள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றிற்று. ஓடிப்போய்க் கொடுத்தேன். அதைத் தவிர இந்த விஷயத்தில் நான் செய்த நல்ல காரியம் எதுவும் இல்லை.

பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை வத்தேகமையில் ரயில் ஏற்றுகிறார்கள். கண்டியில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்களாம். அங்கிருந்து தலைமன்னார், பிறகு கப்பல். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

வடிவம்மா


786
கண்டி
20-5-1933

வடிவு,

நீ எழுதியதெல்லாம் சரி. ஒரு வரிக்கும் பதில் சொல்லமாட்டேன். ஸ்டேசனில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இவங்களிடம் கேட்டால் தடுப்பாங்க என்று தெரியும். கேட்கவில்லை. ரபீகா ராத்தாவைக் கூட்டிக்கொண்டு ரிக்ஷாவில் திரை போட்டுப் போனேன். கல்யாணமான பிறகு கேட்காமல் வீட்டைவிட்டு இறங்கியது இதுதான் முதல் தடவை. ஒரு பொட்டலம் ரொட்டி, பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை, சீலை ஒன்று. வேறென்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை.

மேடை நிறையத் தோட்டத்து ஆட்கள். மூட்டை, சட்டி, சுருட்டிய பாய், கட்டிய கோழி. ஒரு குடும்பம் இரண்டு குடும்பம் இல்லை, வடிவு. ஒரு மலையே இறங்கி வந்ததுபோல் இருந்தார்கள். நான் ஒருத்தியைத் தேடிப் போனேன். இத்தனை பேரைப் பார்த்ததும் கால் ஓடவில்லை. இவர்கள் யாரும் பாட்டுப் பாடவில்லையே, இவர்களை ஏன் அனுப்புகிறார்கள் என்று ராத்தா கேட்டா. நான் என்ன சொல்ல?

மூக்காயிதான் என்னை முதலில் கண்டாள். முக்காட்டுக்குள்ளும் எப்படித் தெரிந்ததோ! "அரிசி குடுத்த அம்மா!" என்று எழும்பி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனியாவா வந்தீக? வெயில்லயா?" என்று கேட்டாள்.

"மன்னிச்சிக்கொள்ளுங்க மூக்காயி. என்னாலதான்..." என்று தொடங்கினேன்.

"நீங்க என்ன பண்ணுனீக? வண்டி கேட்டப்ப நீங்களா இல்லேன்னீக?" என்றாள். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

இராமையா மூட்டைமேல் இருந்தார். சட்டையைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தோம். கை நீளம். மடித்துவிட்டாள். மணி அடித்தார்கள். எல்லோரும் ஓடினார்கள். வண்டிக்குள் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அடுத்த மாசக் கூட்டத்துல யாரும்மா வந்து பேசுறாங்க?"

நான் என்ன செய்ய, வடிவு? திரைகள் என் அலுமாரியில் மடித்துக் கிடக்கின்றன. "கொழும்பிலிருந்து ஒரு அம்மா வாறா. படம் கீறுறவ. கீறியும் காட்டுவா" என்று சொன்னேன். வாயிலிருந்து அப்படியே வந்தது. அப்படி ஒருத்தியை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"படமா?" என்று மூக்காயியின் முகம் மலர்ந்தது. "நல்லாருக்கும். விட்டுறாதீங்கம்மா" என்றாள். வண்டி நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் தெரிந்திருந்தது. இவங்க சத்தம் போடவில்லை. "துரைக்கு வாக்குக் குடுத்திருக்கேன், அந்தத் தோட்டத்து ஆளுங்களோட எங்கட வீட்டுக்கு இனித் தொடர்பில்லையெண்டு" என்றாங்க. "வடிவம்மா டீச்சரையும் சேர்த்தா?" என்று கேட்டேன். திரும்பிப் பாராமல் கடைக்குப் போய்விட்டாங்க. அதனால் இதை ராத்தா மூலம் தபாலில் சேர்க்கிறேன். நீ எழுதினால் ராத்தா பெயருக்கு, கட்டுக்கலைக்கு எழுது.

என்மேல் உனக்கு இன்னும் கோபமா?

ஸக்கியா


வாழைமலை
5-6-1933

அன்புள்ள ஸக்கியா,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். கோபமா என்று கேட்டிருக்கிறாய். பார்த்தேன், இருக்கிறது. உன்மேலா என்றுதான் தெரியவில்லை. துரைமேல் கோபப்பட்டால் அவருக்குத் தெரியவும் வராது. கங்காணி நேற்றும் என்னைக் கண்டு வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். ஸ்டேசனுக்கு உன்னால் போக முடிந்தது. எனக்கு அன்று பள்ளிக்கூடம் இருந்தது. லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூக்காயியின் அறைக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. அவர்களும் நல்லவர்கள்தான். இந்தியக் கரையில் இவர்களை இறக்கிவைக்கும் மண்டபத்து முகாமில் நிறையப் பேருக்கு வாந்திபேதி என்று லயத்தில் சொல்கிறார்கள். உண்மையோ, பேச்சோ. விசாரிக்க ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. இராமையா சொன்ன அந்த ஊர்ப்பெயருக்கு ஒரு கார்டு எழுதினேன். அஞ்சல் எது, ஜில்லா எது என்று எழுதாமல் போட்டேன்.

முந்தாநாள் முதல் சனிக்கிழமை. காலையிலிருந்தே உன் நினைவாக இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பன்வில வரை நடந்தேன். வத்தேகம பஸ் நின்றது. ஏறப்போனேன். ஏறி எங்கே போவது? உன் வீட்டுக்கு நான் வரக்கூடாது. கண்டி வாவிக்கரைக்கு நீ தனியாக வரக்கூடாது. மேல்மாடி நமக்கு இல்லை. ரபீகா ராத்தா வீட்டில் பார்த்தால் நாளைக்கு அவருக்கும் வினை. கொண்டக்டர், "ஏறுங்கம்மா, எங்க எறங்கணும்?" என்று கேட்டார். படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

அடுத்த மாதமும் போய் நிற்பேன் போலிருக்கிறது. எங்கே இறங்கட்டும், எழுது.

வடிவு